காலண்டர் தாளில் ஒரு எஸ்டிமேட்: சேலத்தில் நான் கண்டுபிடித்த நாய் டாக்டர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், டாக்டர் பெயரும் கிளினிக் பெயரும் இதில் வராது. பெயர் போடாமல் என்ன விமர்சனம் என்று கேட்பீர்கள், நியாயம்தான். எழுதட்டுமா என்று அவரிடமே கேட்டேன். "ஏம்மா, இப்பவே சாயங்காலம் ஆறு மணிக்கு உள்ள கால் வைக்க எடமில்ல, நீ எழுதி இன்னும் பத்து பேரு வந்தா நான் எப்ப வீட்டுக்குப் போறது" என்றார். அதனால் இவ்வளவுதான் சொல்லலாம்: அஸ்தம்பட்டியிலிருந்து கோரிமேடு போகிற பக்கம், மெயின் ரோட்டை விட்டு உள்ளே ஒரு தெரு, கீழே கிளினிக், மேலே வீடு. வாசலில் எப்போதும் ஒரு ஆட்டோவாவது நாயோடு நிற்கும்.

நாங்கள் இருப்பது ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில். வீட்டுக்காரர் ஜீப் ஓட்டுகிறார். டூரிஸ்ட் வந்தால் வருமானம், மழை பிடித்துக்கொண்டால் ஒன்றுமில்லை. நான் ஒரு எஸ்டேட் ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். நாய் பெயர் மிளகு. பொட்டை நாய், நாட்டு நாய்தான், கன்னங்கரேல் என்று இருக்கும், மிளகுக்கொடி ஏற்றியிருக்கிற சில்வர் ஓக் மரத்தடியில் குட்டியாகக் கிடைத்ததால் அந்தப் பெயர். நாலு வயசு, பதினாறு கிலோ.

போன ஐப்பசியில், மலை முழுக்கப் பனியும் தூறலுமாக இருந்த நேரத்தில், மிளகு தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள். முதலில் கவனித்தது அத்தைதான். "பாரு கண்ணு, இவ மாடாட்டம் தண்ணி குடிக்கறா" என்றார். குளிரில் எந்த நாயாவது இப்படிக் குடிக்குமா? அரிசி கழுவிய பாத்திரம், பின்பக்கத் தொட்டி, பூச்செடித் தட்டு என்று எதையும் விடவில்லை. குடித்த அளவுக்கு வாசல் முழுக்க ஒன்றுக்கும் போனாள். மூன்றாம் நாள் சோற்றை முகர்ந்து பார்த்துவிட்டுப் படுத்துக்கொண்டாள். நாலாம் நாள் மஞ்சளாக வாந்தி. வெள்ளிக்கிழமை ராத்திரி வயிறு லேசாக உப்பின மாதிரி இருந்தது, தொட்டால் முனகினாள். பத்து மணிக்கு மேல் போனில் கிடைத்த ஆறு நம்பருக்கு அடித்தேன், மூன்று எடுக்கவில்லை, இரண்டு சுவிட்ச் ஆஃப், ஒருவர் எடுத்து "காலைல வாங்க" என்றார். அவர் எடுத்ததே பெரிய விஷயம் என்று அன்று தோன்றியது.

ஏற்காட்டில் நாய் வைத்திருக்கிறவர்களுக்கு டாக்டர் ஃபீஸ் இரண்டாம் செலவுதான், முதல் செலவு வண்டி. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். எங்கள் ஜீப் ஊட்டி வாடகைக்குப் போயிருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் பக்கத்து எஸ்டேட்டுக்குக் காய்கறி ஏற்றி வருகிற பிக்கப் தம்பியைப் பிடித்தேன், இறங்கி, காத்திருந்து, ஏறி வர 1,800 ரூபாய் பேசினோம். பின்னால் சாக்கு விரித்து அவளைப் படுக்க வைத்து, பக்கத்தில் நான். இருபது கொண்டை ஊசி வளைவு. எண்ணிக்கொண்டே வந்தேன், ஒவ்வொரு வளைவிலும் அவள் தலை என் முழங்காலில் வந்து இடிக்கும்.

முதலில் போனது இந்த டாக்டரிடம் இல்லை. சேலத்தில் ஒரு பெரிய இடம், பெயர் வேண்டாம். கண்ணாடிக் கதவு, ஏசி, கம்ப்யூட்டரில் டோக்கன், சுவரில் சிரிக்கிற லேப்ரடார் படம். ஆலோசனைக் கட்டணம் 600. ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன், எக்ஸ்ரே எல்லாம் எழுதினார்கள், 3,400. கட்டினேன். ஸ்கேனும் எக்ஸ்ரேவும் முடிந்தது. ஒரு மணி நேரம் கழித்து ரிசப்ஷனில் இருந்த பெண் கூப்பிட்டு, "அட்மிட் பண்ணணும் மேடம், அட்வான்ஸ் பதினஞ்சாயிரம், மொத்தம் இருபத்திரெண்டு கிட்ட வரலாம்" என்கிறாள். என்ன நோய் என்று கேட்டேன், டாக்டர் சொல்வார் என்றாள். எதற்கெல்லாம் இருபத்திரண்டு என்று கேட்டேன், "அது ட்ரீட்மென்ட் போகப் போகத்தான் மேடம் தெரியும்" என்றாள். என் பர்ஸில் அப்போது மிச்சம் நாலாயிரம்.

அவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏசி ஓடினால் கரண்ட் பில் வரும், எக்ஸ்ரே மெஷினுக்கு லோன் கட்ட வேண்டும், ராத்திரி பார்த்துக்கொள்ள ஆள் போட்டால் சம்பளம் கொடுக்க வேண்டும். அதெல்லாம் இருக்கிற இடம் அதற்கேற்ற விலைதான் சொல்லும். கோபம் விலையில் இல்லை. எனக்கு எதுவும் சொல்லாமல் தொகையை மட்டும் சொன்னதில்தான். துணிக்கடையில்கூட எடுத்துக் காட்டிவிட்டுத்தான் விலை சொல்கிறார்கள்.

வெளியே வந்து டீக்கடையில் நிற்கும்போது பிக்கப் தம்பிதான் சொன்னான். "அக்கா, எங்க மாமா வீட்ல ராஜபாளையம் ரெண்டு இருக்கு, அவங்க கோரிமேட்டுப் பக்கம் ஒருத்தர்கிட்டதான் காட்டுவாங்க. கொஞ்சம் கத்துவாரு, ஆனா பாத்துருவாரு."

கத்துவார் என்பது உண்மை.

உள்ளே இரண்டு பெஞ்ச். ஒரு பெஞ்சில் பெரியவர் ஒருவர் சேவலைத் துண்டில் சுற்றி மடியில் வைத்திருந்தார். பக்கத்தில் ஒரு அம்மா, ஒயர் கூடையில் பூனை, பூனை குதிக்காமல் இருக்க மேலே ஈரிழைத் துண்டை இறுக்கிக் கட்டி, நடுவில் மூச்சு விட ஓட்டை, அந்த ஓட்டை வழியாக ஒரு கண் மட்டும் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஃபினாயில் வாசனை. மூலையில் அரிசிக் கடையில் இருக்குமே, அந்த மாதிரி மேடைத் தராசு, அதில்தான் நாய்க்கு எடை. சுவரில் பி.வி.எஸ்சி. சான்றிதழும் கால்நடை மருத்துவக் கவுன்சில் பதிவு எண்ணும் சட்டம் போட்டு மாட்டியிருந்தது. நான் முன்பெல்லாம் அதைப் பார்க்க மாட்டேன். இப்போது எங்கே போனாலும் முதலில் சுவரைத்தான் பார்க்கிறேன், ஏன் என்று கீழே வரும்.

மிளகைப் பார்த்ததும் டாக்டர் சேவல்காரரிடம் "அண்ணே, ஒரு நிமிஷம் பொறுங்க" என்று சொல்லிவிட்டு எங்களை முன்னால் கூப்பிட்டார். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விட்டுப் பார்த்தார். காய்ச்சல் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார், அங்கே ஒட்டியிருந்த அழுக்கைப் பஞ்சில் தொட்டு எடுத்து முகர்ந்தார், சத்தியமாக முகர்ந்தார். பெரிய இடத்தில் கொடுத்த ரிப்போர்ட்டை வாங்கி வெள்ளை அணு எண்ணிக்கையையும், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுகிற கிரியாட்டினினையும் மட்டும் படித்தார். அப்புறம் கேள்வி: கடைசியாக எப்போது பருவத்துக்கு வந்தாள்? இரண்டு மாசம் முன்னால். குட்டி போட்டிருக்கிறாளா? இல்லை. ஆபரேஷன்? இல்லை. ஏதாவது ஊசி போட்டீர்களா?

இங்கேதான் நான் முழித்தேன். எங்கள் பக்கம் எஸ்டேட் எஸ்டேட்டாக ஒருத்தர் வருவார். ஆட்டுக்கு, கோழிக்கு, நாய்க்கு, எல்லாவற்றுக்கும் அவருடைய மஞ்சப்பையில் ஒரு ஊசி உண்டு. மிளகு பருவத்துக்கு வந்து வாசலில் பத்து கடுவன் வரிசை கட்டியபோது, "ஒரு ஊசி போட்டா குட்டி தங்காதுங்க, முன்னூறு ரூபா" என்றார். கருத்தடை ஆபரேஷன் ஐயாயிரம் ஆறாயிரம் ஆகும் என்று கேள்விப்பட்டிருந்தேன், வண்டி வாடகை வேறு. முன்னூறு மலிவாகத் தெரிந்தது, போடச் சொல்லிவிட்டேன்.

அதைச் சொன்னதும் ஒரு கத்து கத்தினார் பாருங்கள், சேவல் கொக்கரித்தது. கத்தி முடித்துவிட்டு பொறுமையாக விளக்கினார், அதையும் சொல்ல வேண்டும். பொட்டை நாய்க்குப் பருவம் முடிந்த பிறகு சில வாரங்களுக்குக் கர்ப்பம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் உடம்பில் புரொஜெஸ்டிரோன் சுரந்துகொண்டே இருக்குமாம். கர்ப்பப்பை உள்சுவர் தடித்து, சுரப்பு தேங்கி, கிருமி புகுந்தால் சீழ் பிடிக்கும். பயோமெட்ரா என்று பெயர். கருத்தடை செய்யாத எந்தப் பொட்டை நாய்க்கும் வரலாம். அந்த மஞ்சப்பை ஊசி, அதே ஹார்மோன் வகையை இன்னும் கொஞ்சம் வெளியிலிருந்து ஏற்றுகிற வேலை. தண்ணீர் குடித்ததும் அதனால்தான், கிருமியின் நஞ்சு சிறுநீரகத்தைப் பிடிக்கிறது, மூத்திரத்தை அடர்த்தியாக்க முடியாமல் அது வெளியே போய்க்கொண்டே இருக்கிறது, அதை ஈடு கட்டத்தான் குடிக்கிறாள். பருவம் முடிந்து ஒன்றிரண்டு மாசத்தில் பொட்டை நாய் அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்தால் அன்றைக்கே கிளம்பி வா, சீழ் வெளியே வருகிறதா என்று காத்திருக்காதே, கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் ஒரு சொட்டுகூட வராது, அதுதான் இன்னும் ஆபத்து என்றார்.

சரி, இப்போது இந்த விமர்சனத்தை நான் எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். கையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: "கையில எவ்வளவு இருக்கு?"

எனக்கு முகம் சுண்டிவிட்டது. காலையிலிருந்து இரண்டாவது தடவை என் பர்ஸைப் பற்றிப் பேச்சு. நாலாயிரம் என்று ஒரு மாதிரியாகத்தான் சொன்னேன். அவர் சுவரில் மாட்டியிருந்த தினசரி காலண்டரில் முந்தின நாள் தாளை, இன்னும் கிழிக்காமலே இருந்தது, அதைக் கிழித்துத் திருப்பி மேஜையில் வைத்தார். இரண்டு கோடு போட்டு மூன்று பத்தியாகப் பிரித்து, கட்டாயம், முடிந்தால், வேண்டாம் என்று தலைப்பு எழுதினார்.

கட்டாயம் பத்தியில்: ஆபரேஷனும் மயக்க மருந்தும் 6,500. டிரிப்ஸ், ஊசி மூன்று நாளுக்கு 1,800. வீட்டுக்குக் கொடுக்கிற மாத்திரை 800. முடிந்தால் பத்தியில்: ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் சிறுநீரகத்துக்கு மறுபடி ஒரு ரத்தப் பரிசோதனை, 900. வேண்டாம் பத்தியில்தான் எனக்கு ஆச்சரியம். இன்னொரு ஸ்கேன் வேண்டாம், காலையில் எடுத்ததே போதும். லிவர் டானிக் வேண்டாம். டப்பாவில் வருகிற நோயாளி உணவு வேண்டாம், உப்பில்லாத கோழிக் கஞ்சி போதும். ஆக கட்டாயம் 9,100, முடிந்தால் 10,000, எவ்வளவு போனாலும் இதற்கு மேல் ஆயிரத்தைத் தாண்டாது, தாண்டுகிற மாதிரி இருந்தால் செய்வதற்கு முன்னால் போன் பண்ணிக் கேட்பேன் என்றார். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது. முன்பக்கம் ராகு காலம், எமகண்டம், கௌரி நல்ல நேரம், பின்பக்கம் என் நாயின் உயிர்.

அதோடு நிற்கவில்லை, இதைவிடக் குறைவாகச் செய்ய வழி உண்டா என்று நான் கேட்காமலே அவரே சொன்னார். நாமக்கல்லில் அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1985-இல் ஆரம்பித்தது, மருத்துவமனையோடு சேர்ந்தது, செலவு என்னைவிடக் குறையும், பெரிய ஆபரேஷன்களுக்கு நானே அங்கேதான் அனுப்புவேன், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர்களாக இருந்தால் தலைவாசல் கூட்டுரோட்டில் 2021-இல் திறந்த கல்லூரியைச் சொல்வேன். இன்றைக்குச் சனிக்கிழமை, மணி பன்னிரண்டு, நாமக்கல் ஐம்பது கிலோமீட்டர். இந்த நாய் திங்கள்கிழமை வரை தாங்காது. கால் உடைந்த நாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு போகச் சொல்லியிருப்பேன். இப்போது நீதான் சொல்லணும் என்றார்.

நாலாயிரம் அன்றைக்கு, மீதி மாசா மாசம் என்று பேசினோம். எழுதி எல்லாம் வாங்கவில்லை.

சாயங்காலம் நாலு மணிக்கு ஆபரேஷன். முடிந்ததும் ஒரு பேசினைக் கொண்டு வந்து காட்டினார். பார்க்க வேண்டாம் என்று நினைத்தவள் பார்த்துவிட்டேன். சாதாரணமாக விரல் தடிமன்கூட இருக்காதாம். அங்கே கிடந்தது மழையில் ஊறிய புடலங்காய் இரண்டை ஒன்றாகக் கட்டிப் போட்ட மாதிரி. அதே அரிசிக்கடைத் தராசில் வைத்தார், ஒரு கிலோவுக்கு மேல். "இதச் சொமந்துட்டுத்தான் உன் நாயி இருவது வளைவு எறங்கி வந்திருக்கு" என்றார்.

இனி குறைகள், நிறையவே உண்டு. ராத்திரி நாயை வைத்துப் பார்த்துக்கொள்ள இடம் கிடையாது. மயக்கம் தெளிகிற நாயை மலைக்கு ஏற்றிப் போக முடியாது என்பதால் சேலத்திலேயே கன்னங்குறிச்சியில் சின்னம்மா வீட்டில் மூன்று ராத்திரி இருந்தோம். அந்தச் சின்னம்மா இல்லாதவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை. எக்ஸ்ரே இல்லை. ஸ்கேனுக்கு வெளியே எழுதிக் கொடுப்பார். ராத்திரி எட்டுக்கு மேல் போன் எடுக்க மாட்டார், அதாவது எனக்கு எந்த நேரத்தில் ஆள் தேவைப்பட்டதோ அந்த நேரத்தில் இவரும் இல்லை. ஞாயிறு மத்தியானம் மூடிவிடுவார். பூனைக்கும் நாய்க்கும் ஒரே அறை, ஒயர் கூடைப் பூனை பாவம் அரை மணி நேரம் ஒரு டாபர்மேன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பாத்ரூம் கேட்காதீர்கள். கேட்டால்தான் ரசீது தருவார். அப்புறம் அந்தக் கத்தல். அவருக்குப் பதில் சொல்லத் தயங்கி, என்ன ஊசி போட்டோம் என்பதை மறைக்கிறவர்களும் இருப்பார்கள், நானே ஒரு கணம் மறைக்கப் பார்த்தேன். ஒரு நட்சத்திரத்தை இதற்காகவே பிடித்துக்கொள்கிறேன்.

சின்னம்மா வீட்டில் இன்னொரு கூத்து. இரண்டாம் நாள் மிளகைத் திருப்பிப் படுக்க வைக்கப் போனபோது வலியில் சின்னம்மா மணிக்கட்டைக் கடித்துவிட்டாள். பல் பதிந்து ரத்தம். சின்னம்மா மஞ்சள் தேடி அடுப்படிக்குப் போகிறார். டாக்டருக்குப் போன் அடித்தேன், பகல் என்பதால் எடுத்தார். மஞ்சளும் வேண்டாம், காபித்தூளும் வேண்டாம், குழாயைத் திறந்து சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவு, கடிகாரத்தைப் பார்த்துக் கழுவு, அப்புறம் ஜி.ஹெச்.சுக்குப் போ என்றார். நாய்க்கு ரேபிஸ் ஊசி எப்போது போட்டாய் என்று கேட்டார். தவணை தாண்டி ஏழு மாசம். மறுபடி கத்தல். ஜி.ஹெச்.சில் சின்னம்மாவுக்கு ஊசி இலவசமாகப் போட்டார்கள், கடித்த அன்று ஒன்று, அப்புறம் 3, 7, 28-ஆம் நாள். நாயின் ஊசியோ, ஜூலை 6, செப்டம்பர் 28 வாக்கில் அரசு கால்நடை மருத்துவமனைகளில் நடக்கிற முகாம்களில் காசே இல்லாமல் போடுகிறார்கள். மற்ற நாளிலும் அதற்கு ஆகிற காசு, நான் வாராவாரம் பேக்கரியில் விடுகிற காசு.

தடுப்பூசி பற்றி இவரிடம் நான் கவனித்த ஒரு விஷயம். கையேட்டில் தேதியும் கையெழுத்தும் மட்டும் போட மாட்டார், மருந்துக் குப்பியில் ஒட்டியிருக்கிற சின்ன ஸ்டிக்கரை நகத்தால் கிளப்பி எடுத்துக் கையேட்டில் ஒட்டுவார். அதில் பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து நம் கண் முன்னால் எடுப்பார், அதற்குள் ஒரு தெர்மாமீட்டர் தொங்குகிறது, இரண்டிலிருந்து எட்டு டிகிரிக்குள் இருக்க வேண்டுமாம். என் கூட வேலை பார்க்கிற பெண் ஒரு பெட் ஷாப்பில் குட்டி வாங்கினாள், அங்கேயே எல்லா ஊசியும் போட்டாச்சு என்று சொல்லிக் கொடுத்தார்கள், கையேட்டில் கையெழுத்து மட்டும். பத்து நாளில் ரத்தபேதி, பார்வோ. போட்ட ஊசி சூட்டில் கெட்டதா, போடவே இல்லையா, இனி யார் சொல்ல முடியும்? குட்டி போய்விட்டது. அதனால்தான் சுவரைப் பார்க்கிறேன், பதிவு எண் இல்லாத கையிலிருந்து என் நாய்க்கு இனி எந்த ஊசியும் இல்லை.

மாத்திரை விஷயத்திலும் இவர் கெட்டி. கம்பெனி பெயர் எழுத மாட்டார், மருந்தின் பெயரை எழுதுவார். பாண்டோபிரசோல், அமாக்ஸிசிலின் கிளாவுலனிக் ஆசிட் மாதிரி, மனிதர்களுக்கும் நாய்க்கும் ஒன்றேயான மருந்தாக இருந்தால் "முதல்வர் மருந்தகத்துலயோ மக்கள் மருந்தகத்துலயோ கேட்டுப் பாரு, இல்லைன்னா மட்டும் இங்க வாங்கு" என்பார். 800 போட்டிருந்த மாத்திரை எனக்கு 500-க்குள் முடிந்தது. ஆனால் இதைப் படித்துவிட்டு யாரும் வீட்டிலிருக்கிற மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள். எங்கள் லைனில் ஒரு பாட்டி, பூனைக்கு உடம்பு சுடுகிறது என்று அரை பாராசிட்டமால் கொடுத்தார், பாசத்தில்தான் கொடுத்தார். பூனையின் உடம்பால் அந்த மருந்தை முறிக்க முடியாது, ஈறு சாக்லேட் நிறமாகி மறுநாள் காலையில் செத்துக் கிடந்தது. நாய்க்கு ஐபுபுரூஃபனும் அதே மாதிரி விஷம்தான். நாய்க்கு உண்ணி போகப் பிடரியில் ஊற்றுகிற மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு எமன், ஒரே பாயில் இரண்டும் படுக்கிற வீடுகளில் இதைப் பார்த்துச் செய்யுங்கள்.

உண்ணி என்றதும் ஞாபகம் வருகிறது, காபித் தோட்டத்தில் திரிகிற நாய்களுக்கு அதுதான் நிரந்தரப் பிரச்சினை. மூன்று மாசத்துக்கு ஒரு தடவை தின்னக் கொடுக்கிற மாத்திரை ஒன்று இருக்கிறது, விலை ஜாஸ்திதான். இவர் கணக்குப் போட்டுக் காட்டினார்: உண்ணிக் காய்ச்சல் வந்தால் நாலு வாரம் டாக்ஸிசைக்ளின், ரத்தப் பரிசோதனை, உனக்கு வண்டிக்கே நாலு தடவை 1,800. அதற்கு மாத்திரையே தேவலை. வண்டி வாடகையைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு வைத்தியம் சொல்கிற டாக்டரை நான் மனிதர்களுக்குக்கூடப் பார்த்ததில்லை.

ஆடு மாடு வைத்திருப்பவர்கள் 1962 என்ற நம்பருக்கு அடித்தால் கால்நடை ஆம்புலன்ஸ் வண்டியே வரும், அது தனிக் கதை. ஏற்காட்டிலும் அரசு கால்நடை மருந்தகம் இருக்கிறது, இப்போது ரேபிஸ் ஊசிக்கு அங்கேதான் போவதாக இருக்கிறேன், அதற்காக மலை இறங்க வேண்டாம் என்று இவரே சொல்லிவிட்டார்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். காலையில் ஒன்பதரைக்குப் போங்கள், சாயங்காலம் கூட்டம். பழைய பெட்ஷீட் ஒன்று, வாய்க்கூடு ஒன்று கொண்டு போங்கள், சாது நாயாக இருந்தாலும் சரி. எந்த ஊசி, எந்த மாத்திரை, எப்போது, யார் கொடுத்தது என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள், அங்கே போனதும் பயத்தில் மறந்துவிடும். கத்தினால் கத்தட்டும். கையில் எவ்வளவு இருக்கிறது என்று கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள், கூட்டியும் வேண்டாம் குறைத்தும் வேண்டாம், அந்தப் பதிலை வைத்துத்தான் அவர் தாளில் கோடு போடுவார்.

எங்களுக்குக் கடைசியில் ஆனது, அந்த 900 ரூபாய் பரிசோதனையும் சேர்த்து, அவரிடம் 9,200, வெளியே மாத்திரை 480. அதற்கு முன்னால் பெரிய இடத்தில் விட்டது 4,000. வண்டி போக வர, தையல் பிரிக்க மறுபடி ஒரு தடவை, எல்லாம் சேர்த்து 3,600. இதோடு அந்த முன்னூறையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரர் ஊட்டியிலிருந்து வந்து கேட்டுவிட்டு ஒன்றும் சொல்லவில்லை, போய் மிளகு பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

தையல் பிரித்த அன்று கழுத்தில் அந்தப் பிளாஸ்டிக் கூம்போடு கிளினிக் வாசல் கதவில் இரண்டு தடவை முட்டிக்கொண்டு உள்ளே போனாள், டாக்டரைப் பார்த்ததும் என் கால் இடுக்கில் ஒளிந்தாள். தையலுக்குக் காசு வாங்கவில்லை. பாக்கியில் இரண்டு தவணை கொடுத்தாகிவிட்டது, இன்னும் 1,200 இருக்கிறது. அடுத்த மாசம் உண்ணி மாத்திரைக்கு இறங்கும்போது கொடுக்க வேண்டும், கூடவே அரைக் கிலோ மிளகும், தோட்டத்து மிளகு, காயவைத்தது, காசு கொடுத்துத்தான் வாங்குவேன் என்று சொல்லி வைத்திருக்கிறார்.